தர்பூசணித் தொப்பி

பக்கத்து வீட்டு ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலித்தது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் அந்தச் சந்தெங்கும் காகித நட்சத்திரங்கள் தொங்கின.

"வாழைப்பழத்தைக் குச்சியில குத்தி, மேல தர்பூசணியை வை. கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி மாதிரி இருக்கா?" என்றாள் அர்லின்.

"கத்தியால வெட்டினா சீக்கிரம் முடியும்மா," என்றாள் பத்து வயது ஜோனா.

"கத்தி வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கடையிலேயே பாதியா வெட்டிக் குடுத்துட்டாங்க, கரண்டியாலேயே தோண்டு."

ஐந்து வயது டோடோங் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வந்தான். "இதை மேல கொட்டும்மா!"

"அப்புறம் பல்லு வலிக்குதுன்னு அழுதா, யார்டா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுறது?"

"நீதான்!"

அர்லின் சர்க்கரை டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தாள். "ஜோனா, இப்ப நீயா ஒண்ணு செய். நான் பார்க்கறேன்."

ஜோனா பிசகில்லாமல் செய்து காட்டினாள். மூவரும் ஆளுக்கொன்று சாப்பிட்டார்கள். டோடோங் குச்சியைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

ஜோனா குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குத்தான் கிறிஸ்துமஸ்னு நம்பிட்டான்மா. செப்டம்பர்லேயே பாட்டுப் போடுற ஊர்ல அவனுக்கு எப்படித் தெரியும்?"

அர்லின் தன் பெட்டியின் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். விடிந்தால் துபாய்க்கு விமானம். வீட்டு வேலை, இரண்டு வருடம்.

"டிசம்பர்ல நிஜ கிறிஸ்துமஸ் வரும். அன்னிக்கு, உங்களைப் பார்த்துக்கப் போற அத்தை வேலைக்குப் போயிட்டா, நீயே இதைச் செஞ்சு தம்பிக்குக் குடு."

ஜோனா தட்டைக் கழுவியபடி கேட்டாள்:

"அன்னிக்கு உனக்கும் ஒரு குச்சி செய்யட்டுமாம்மா, வேண்டாமா?"