தாளில் இல்லாத வசனம்

மே மாத வெயிலில், சத்தம் பதிவாகிவிடும் என்று ஏசியையும் அணைத்துவிட்ட டப்பிங் அறையில், பியூலா இந்த வருடத்தின் ஏழாவது ஆங்கிலக் கிறிஸ்துமஸ் காதல் படத்தின் நாயகிக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே பனி, அதே கேக் கடை, கடைசிப் பத்து நிமிடத்தில் அதே சமாதானம். சலித்துப்போன கதைதான். ஆனாலும் அந்த ஊர் ஆண்கள் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தால் அவள் தன் வசனத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்துவிடுவாள். இந்தப் படத்தின் நாயகனுக்குக் காலையிலேயே பேசிவிட்டுப் போயிருந்தவர் ஜெயசிங்; அவளைப் பிரிந்து இரண்டு வருடமான கணவர். ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

"தப்பு என்மேலதான். திரும்பி வந்துடு."

பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத வார்த்தை.

"அக்கா, ஹீரோயின் உதடு அசைஞ்சு முடிஞ்சிடுச்சு, நீங்க பேசல," என்றார் ஒலிப்பதிவாளர் தணிகைவேல்.

"இன்னொரு தடவ போடுங்க."

மூன்றாவது முறை ஓடியபோது, நாயகியின் உதடு அசைய, பியூலா சொன்னாள்: "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"தாள்ல 'இதோ, உன்கிட்டயே வந்துட்டேன்'னுதானே இருக்கு?" தணிகைவேல் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "ஆனா உதட்டுக்கு அப்படியே ஒட்டுதுக்கா. வச்சுக்கலாமா?"

பியூலா கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். படம் பாக்குறவங்க பாவம்," என்றவள், மைக்கின் பக்கம் திரும்பி, சிரிக்கிற குரலில் "இதோ, உன்கிட்டயே வந்துட்டேன்" என்றாள்.