மூடாத குழாய்

"அந்தப் பொண்ணுதானே குழாயைத் திறந்து விட்டுச்சு? உள்ளதைச் சொல்லிடுங்க மேடம்."

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்க்க வந்திருந்த பிக்கரிங் அண்ணாந்தபடியே கேட்டார். மாடியில் குளியல் தொட்டி நிரம்பி வழிந்ததில் ஹால் சீலிங் பாதி பெயர்ந்து சோபா மேல் கிடந்தது.

ஹீதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்குக் கெட்டிலைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். வெள்ளிக்கிழமை கவுன்சில் அதிகாரி வருகிறாள். வீடு இந்தக் கோலத்தில் இருந்தால், தன்னிடம் வளர்க்கக் கொடுத்திருக்கும் மெகனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த லீட்ஸ் ஊருக்குள்ளேயே எத்தனை வீடு மாறிவிட்டது அந்தக் குழந்தை!

"யாரு திறந்தா என்ன சார்? தண்ணி தண்ணிதானே?"

"அப்படி இல்ல. உங்க சொந்தப் பையன் மறந்துட்டுப் போயிருந்தா பணம் வந்துடும். கவுன்சில் வளர்க்கக் கொடுத்த பிள்ளைன்னா வராது. பாலிசியிலேயே இருக்கு."

"அது என்ன நியாயம்? கவுன்சில் கொடுத்த பிள்ளைன்னா உடைக்கறதுக்குன்னே பொறந்த பிள்ளையா?"

"கோவப்படாதீங்க. அந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல..."

"எந்த மாதிரி? சொல்லுங்க, எந்த மாதிரி? பார்க்காமலே, விசாரிக்காமலே எப்படி முடிவு பண்றீங்க?"

பிக்கரிங் பேனாவை எடுத்துப் படிவத்தை விரித்தார்.

சமையலறை வாசலில் நின்ற மெகன் மெல்ல ஆரம்பித்தாள். "ஹீதர், நான் ஒண்ணு..."

"நீ பேசாம இரு கண்ணு."

தண்ணீர் வழிந்த அன்று ஹீதர் கடையிலிருந்து திரும்பியபோது சட்டையெல்லாம் நனைய மெகன்தான் தொட்டியருகே நின்றிருந்தாள். ஹீதர் திட்டவில்லை. 'போனா போகுது' என்று துண்டை எடுத்துப் போர்த்தினாள். மெகன் இருந்துவிட்டு வந்த மற்ற வீடுகளைப்போலத் தானும் இருந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்குப் பிடிவாதம்.

ஹீதர் பிக்கரிங் பக்கம் திரும்பினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"லூயிஸ்தான் சார். என் பையன். குழாயைத் திறந்துட்டு அப்படியே பந்து விளையாடப் போயிட்டான்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த லூயிஸின் முகம் வெளுத்தது. காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறானே என்று ஹீதர் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

"நீதானாப்பா?" என்றார் பிக்கரிங்.

லூயிஸ் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றான்.

எவ்வளவு சாமர்த்தியமாகப் புரிந்துகொண்டான்! ஹீதருக்கு மனம் பூரித்துப் போயிற்று.

"அப்போ பிரச்சினை இல்ல. நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்று பிக்கரிங் கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் ஹீதர் ஓடிவந்து மெகனைக் கட்டிக்கொண்டாள். "பயப்படாதே கண்ணு. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டாங்க. நான் காப்பாத்திட்டேன்."

லூயிஸ் படியிறங்கி வந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, குழாயை மூடாம போனது நான்தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? மெகன் சொல்லிட்டாளா?"

"நான் சொல்லலையே" என்றாள் மெகன், ஹீதரின் கைகளுக்குள்ளிருந்தே. "ஓடிப் போய் மூடினதோட சரி. என்னைத்தான் யாரும் எதுவும் கேக்கலையே."