பெயர் தைக்க வந்தவள்

“வெளியில ஒட்டியிருக்கிறதப் படிச்சியாம்மா?” என்றாள் டெய்லரக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

“படிச்சேன். ‘போலீஸ் யூனிஃபார்ம் தைக்க மாட்டோம்’னு போட்டிருக்கு. இது தைச்ச சட்டைதான். பேர் மட்டும் போடணும்.”

வந்தவள் ஒரு கான்ஸ்டபிளின் மனைவி. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். மூக்கு நுனியெல்லாம் வேர்வை. கையில் இஸ்திரி மடிப்புக் கலையாத இரண்டு சட்டைகள்.

“படிச்சுட்டுமா உள்ள வந்தே? நெஞ்சழுத்தம்தான்” என்றாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாடி வீட்டுக்காரி. புருஷனுடைய பேன்ட்டைச் சுருக்க வந்தவள். வேலை முடிந்தும் கிளம்பவில்லை. இப்படி ஒன்று நடக்கும்போது எப்படிக் கிளம்புவாள்?

நெஞ்சழுத்தம் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. டெய்லரக்காவின் தம்பி ஏ.சி. மெக்கானிக். போன மாசம் வேலை முடிந்து வரும் வழியில் அவன் வண்டியைப் போலீஸ் நிறுத்தியது. பையில் ஸ்பேனர் இருந்தது. “இது எதுக்கு?” என்று கேட்டார்கள்.

“பின்ன, மெக்கானிக் பையில லிப்ஸ்டிக்கா இருக்கும்?” என்று சொல்லித் தொலைத்தான். குடும்பத்துக்கே வாய் கொஞ்சம் நீளம். வாய்க்குப் பதில் தடியால் வந்தது. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

புகார் கொடுக்கப் போனால், “அடிச்சது யாரு, பேரைச் சொல்லு” என்றார்கள். அடித்தவர்கள் தலையில் ஹெல்மெட். ஒருத்தர் சட்டையிலும் பெயர் இல்லை. எங்கிருந்து சொல்வான்? ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அடி வாங்கியவனுக்கு மட்டும் பெயர், தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் வேண்டுமாம்.

தெருவே போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது. டியூட்டியில் பெயர் தெரிய வேண்டும், உடம்பில் கேமரா வேண்டும், போலீஸ் மேல் வரும் புகாரைப் போலீஸே விசாரிக்கக் கூடாது என்று கேட்டது. பெரிய அதிகாரி வந்து, “ஆவன செய்வோம்” என்றார். என்ன ஆவன என்று அவரும் சொல்லவில்லை. இந்த வாரத்துக்குள் பெயர் கிடைக்காவிட்டால் புகாரை மூடிவிடுவோம் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில் இவள் பெயர் தைக்க வந்து நிற்கிறாள்.

“அக்கா, வெல்க்ரோ வச்சுக் குடுத்துடுங்க” என்றாள் மாடி வீட்டுக்காரி. “இழுத்தா கையோட வந்துடும். ஆள அடிக்கிறப்ப வசதி.”

“எம்பிராய்டரிதான் வேணும்.”

“ஓ. ஃபேஷன்.”

டெய்லரக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இங்க பாரும்மா. என் தம்பியால சட்டை பட்டன் போட முடியல. நான் போட்டு விடறேன். அடிச்சவன் பேர் தெரியாதுன்னு உங்க ஆளுங்க கையை விரிச்சுட்டாங்க. அதே கூட்டத்துப் பேரை என் கையால தைக்கச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா? மார்க்கெட் பக்கம் ஒரு கடை இருக்கு. அங்க போ.”

“அதைத் தாண்டித்தான் வந்தேன்.”

“பின்ன ஏன் இங்க வந்து என் உசுரை வாங்கறே?”

“டிப்பார்ட்மென்ட்ல குத்துற பேட்ஜ்தான் தர்றாங்க. அது கழண்டுடுது.”

“கழண்டுடுதா, கழட்டிடறாங்களா?” என்றாள் மாடி வீட்டுக்காரி.

“கழட்டிடறாங்க.”

மாடி வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தத் தெருவில் இது பெரிய சம்பவம்.

டெய்லரக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். “என்ன சொல்றே நீ?”

“எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லக்கா. நெஞ்சுல பேர் இருந்தா அவருக்குக் கை ஓங்காது. கூட நிக்கிறவங்க கழட்டுடான்னா கழட்டிடுவார். அப்புறம் அவர் வேற ஆளு. தைச்சுட்டா கழட்ட முடியாதில்ல?”

“அவர்தான் அனுப்பினாரா?”

“நான் வந்ததே தெரியாது. தெரிஞ்சா வீட்ல என்ன ஆகும்னு எனக்கும் தெரியல.”

“கழட்டினார்னு உனக்கு யாரு சொன்னா?”

அவள் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

“போன மாசம் ஒரு நாள் ராத்திரி துவைக்க அவர் பேன்ட்டை எடுத்தேன். பேட்ஜ் பாக்கெட்டுக்குள்ள கிடந்துச்சு. என்னங்க இதுன்னேன். ‘மெக்கானிக் பயலுக்கு வாய் ஜாஸ்தி’ன்னார். அதோட சாப்பிடாமப் படுத்துட்டார். மறுநாள் காலையில உங்க தம்பிக்கு நடந்ததைக் கேள்விப்பட்டேன்.”

மாடி வீட்டுக்காரி மெதுவாக எழுந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டாள். அவள் உட்காரவில்லை.

டெய்லரக்கா சட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பேர் போடணும்?”

அவள் தன் புருஷனின் பெயரை இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.

“முதல்ல இதை உங்க தம்பி புகார்ல போடுங்கக்கா. யார் கேட்டாலும் நானே வந்து சொல்றேன். சட்டையில அப்புறம் போட்டுக்கலாம்.”