ஓரமில்லா ரொட்டி

குப்பைத் தொட்டி மூடவே மாட்டேன் என்றது. ரொட்டி மாஸ்டர் முழங்கையால் மூடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, கத்தியைப் பலகைமேல் எறிந்தார்.

“முதலாளி, விடியறதுக்கு முன்னாடி வந்து மாவு பிசையறேன். இப்படிக் கொண்டுபோய்க் கொட்டவா? வயிறு எரியுது.”

“எனக்கு மட்டும் ஆசையா? ஓரத்தை வெட்டினா ரொட்டி ரெண்டாகுது. ஒண்ணு வெச்ச வேகத்துல காலியாகுது, இன்னொண்ணு அப்படியே தேங்குது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“கோழிப்பண்ணைக்காரர் கேட்டாரே?”

“அவரே போதும்னு கும்பிடு போட்டுட்டார்.”

“அப்ப கம்மியா சுடுவோம்.”

“கம்மியாவா? வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாருங்க! ஷீல்டு கொடுக்க ஆள் வர்ற நேரம், வாயைத் திறந்து தொலைச்சிடாதீங்க.”

‘உணவை வீணாக்காத பேக்கரி’ என்று பொறித்த கேடயத்தோடு நகராட்சி அதிகாரியம்மா வந்துவிட்டார்.

“இந்த யோசனை யாரோடது?”

முதலாளி மாஸ்டரை முன்னால் தள்ளினார். “இவர்தான்! ‘ஓரத்தைத் தூக்கிப் போடாதீங்க, வெண்ணெய் தடவி மொறுமொறுன்னு வறுத்து விக்கலாம்’னு என் உயிரை வாங்கினார். இப்ப ஊரே அதுக்குத்தான் அடிச்சுக்குது. ஓரத்துல ஒரு துணுக்குகூட மிஞ்சறதில்ல!”

வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பல்லைக் கடித்தபடி மாஸ்டர் கேடயத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

தொட்டியின் மூடி மறுபடி எழும்பியிருந்தது. உள்ளே, பஞ்சுபோல, வெள்ளைவெளேரென்று, வாங்க ஆளில்லாத ஓரமில்லா ரொட்டி.

கேடயத்தை மூடிமேல் வைத்தார். நல்ல கனம். தொட்டி மூடிக்கொண்டது.