கண்ணாடிக்குள் பாயும் கோல்கீப்பர்

காலை வெயில் சலூன் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நாற்காலியில் இருக்கும் பெரியவரின் பாதிக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, சவரக்காரர் கத்தியும் கையுமாகப் பின்சுவர் டிவியைத் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறார். நேற்றைய இறுதி ஆட்டத்தின் கடைசிப் பெனால்டியை மறுபடியும் போடுகிறார்கள். பந்து ஒரு பக்கம் போக, அவருடைய அணியின் கோல்கீப்பர் மறுபக்கம் பாய்கிறான்.

“பாத்தீங்களா சார்? உதைக்கிறதுக்கு முன்னாடியே சாஞ்சுட்டான். எல்லாம் பேசி வச்ச ஆட்டம்.”

“தப்பான பக்கம் பாஞ்சுட்டான், அவ்வளவுதான்பா. நீ இந்தப் பக்கம் திரும்பு.”

திரும்பினால் கண்ணாடிக்குள்ளும் அதே டிவி, அதே உதை. அங்கே இடம் வலமாகிவிட, கீப்பர் இந்தத் தடவை சரியாகப் பாய்கிறான் என்று ஒரு நொடி சவரக்காரரின் நெஞ்சு துள்ளுகிறது. பாழாய்ப்போன பந்தும் கூடவே பக்கம் மாறிவிடுகிறது. பெரியவரின் கழுத்தருகே வந்த கத்தி அப்படியே நின்றுவிடுகிறது.

“காசு வாங்கியிருப்பான் சார். வாங்கியிருக்கணும். இல்லேன்னா, நம்ம பசங்களுக்கு ஆடவே தெரியலேன்னு ஆயிடுமே.”

பெரியவர் கத்தியைப் பார்க்கவில்லை, சவரக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறார்.

“வாங்கித்தான் இருப்பான்பா,” என்று கண்ணை மூடிக்கொண்டு தாடையை உயர்த்திக் கொடுக்கிறார்.