அவளுடைய கால்சைன்

“கியூ.ஆர்.எம்.னா என்ன?”

சட்னிக்குத் தாளித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

கருணாகரன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கூரையைப் பார்த்தார்.

“இடைஞ்சல்,” என்று அவளே சொன்னாள். “நாம பேசையில இன்னொருத்தர் பேச்சு குறுக்க வர்றது.”

நாலு மாதமாக இப்படித்தான். வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ; அதன் உரிமத் தேர்வு கணவருக்கு. கேள்வி கேட்பது அவள். நூல்மில் சூப்பர்வைசருக்குப் படிக்க ஏது நேரம்? ஆனால் ரேடியோ செட் முன்பே வந்துவிட்டது. முன்னறையில் அதற்கென்று ஒரு மேசை. மொட்டைமாடியில் ஆன்டெனா.

“உனக்கும் ஒரு ஃபாரம் போட்டிருக்கேன். தொணைக்கு வந்த மாதிரி இருக்கும்ல,” என்றார் அவர்.

சென்னைக்குப் போய் இருவரும் எழுதினார்கள்.

அவள் மட்டும் தேறினாள்.

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் வந்தாப் போதும்ல.”

உரிமம் தருமுன் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவள் காபி கொடுத்தாள்.

உரிமம் வந்தது. அவள் பெயரில். ரேடியோவில் அவளை அழைக்கும் அடையாள எழுத்துகளும், அவளுடைய கால்சைனும், அதில் இருந்தது. இரண்டு முறை வாசித்தாள். அவர் வாங்கிக்கொண்டுபோய் லேமினேட் செய்து வந்தார்.

மறுநாள் காலை எட்டு மணி. அடுக்களையில் இருந்தவளுக்குக் கேட்டது. அவளுடைய கால்சைனை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு, “பேரு கருணாகரன். ராஜபாளையம்.”

ஒருவர் கால்சைனில் இன்னொருவர் பேசக்கூடாது. தேர்வின் விதிமுறைத் தாளில் அந்தக் கேள்வி வந்திருந்தது. அவள் சரியாக எழுதியிருந்தாள்.

மூன்று மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை அவருக்கு முதல் ஷிஃப்ட். செட்டை அணைக்க மறந்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு யாரோ கூப்பிட்டார்கள். அவளுடைய கால்சைனைத்தான்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே மைக்கை எடுத்து, பொத்தானை அழுத்தி, படித்த முறைப்படி கால்சைனைச் சொன்னாள். பூங்கோதை என்று பெயரையும் சொன்னாள்.  

இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண்குரல் வந்தது.

“இது கருணாகரன் சார் கால்சைனாச்சே? நீங்க அவுக வீட்டம்மாவா? லைசென்ஸ் இல்லாம மைக்கத் தொடக்கூடாதும்மா. கேஸாயிரும்.”

அந்தக் குரலில் கோபமில்லை. அக்கறைதான்.

லைசென்ஸ் தன் பெயரில்தான் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சொன்னால், மூன்று மாதமாகப் பேசியது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

பொத்தானை அழுத்தினாள்.

“சரிங்க சார். அவுக வந்ததும் பேசச் சொல்றேன்.”