மூன்றாவது பொத்தான்

சமையலறை மேசையில், மடிக்கணினித் திரைக்குள் படைவீரர் நலத்துறை அதிகாரி. கணவன் வெண்டலைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட கோரினுக்கு உதவித்தொகை தொடருமா என்று பார்க்கும் வருடாந்திர விசாரணை இது; அவன் தன் வேலைகளைத் தானே செய்துகொள்வான் என்றால் தொகை நின்றுவிடும்.

"சட்டைப் பொத்தான நீங்களே போட்டுக்குவீங்களா, சார்ஜன்ட்?"

"பின்ன? எனக்கென்ன கையா இல்ல?" என்கிறான் வெண்டல். கோரினின் கால் மேசைக்கடியில் ஓயாமல் ஆடுகிறது. உதவிக்கு எழும் கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொள்கிறாள். இரண்டே விரல் மிஞ்சிய அவனுடைய வலக்கை பொத்தானைப் பிடிக்கிறது, நழுவவிடுகிறது, மறுபடி தேடுகிறது. குளிர்சாதனப்பெட்டி உறுமி ஓய்கிறது. அவன் மீசைமேல் வியர்வை. கடைசியில் மூன்றாவது பொத்தான் நான்காவது துளைக்குள் நுழைகிறது.

"தானே போட்டுக்கிறார்னு எழுதிக்கிறேன்" என்கிறார் அதிகாரி.

மூன்று வருடத்தில் அவன் தானே பொத்தான் போட்டது இதுதான் முதல் தடவை. வெண்டல் முகமெல்லாம் சிரிப்பாக அவளைத் திரும்பிப் பார்க்கிறான். "எப்படி?"

"அசத்திட்ட, போ" என்கிறாள் கோரின். கைகளை இன்னும் வெளியே எடுக்கவில்லை.